துரை உட்கார்ந்த நாற்காலி

சாய்வு நாற்காலியைச் செய்த ஆசாரி, அதில் உட்காருகிறவர் மறுபடி எழுந்திருப்பார் என்று எதிர்பார்க்கவே இல்லை. சந்தேகம் இருப்பவர்கள் உட்கார்ந்து பார்க்கலாம். சாதாரண நாற்காலியில் கால் தரையில் இருக்கும்; கையை ஊன்றி முன்னால் குனிந்தால் எழுந்துவிடலாம். இதில் இருக்கை பின்பக்கமாகச் சரியும். இடுப்பு பள்ளத்தில், முழங்கால் மேட்டில். கைப்பிடிப் பலகை இரண்டும் கையோடு நிற்காமல் முழங்காலையும் தாண்டி நீளும். அவற்றின்மேல் பக்கத்துக்கு ஒன்றாகக் காலைத் தூக்கிப் போட்டாயிற்று என்றால், அதன்பிறகு உடம்பில் வேலை செய்யக்கூடிய உறுப்பு தொண்டை ஒன்றுதான்.

அந்தத் தொண்டைச் சத்தத்துக்கு ஓடிவர ஆள் இருந்த காலத்துச் சாமான் இது. இலங்கை மலைகளிலும் நீலகிரியிலும் வால்பாறையிலும் தோட்டத்துரைமார்கள் தேயிலைச் சரிவுகளில் ஏறி இறங்கிவிட்டு, பங்களா வராந்தாவில் வந்து விழுவார்கள். கைப்பிடிக்கு அடியில் மடங்கிக் கிடக்கும் பலகையை வெளியே திருப்பி, பூட்ஸ் காலை அதன்மேல் போடுவார்கள். பூட்ஸைக் கழற்ற ஒருவர், பங்கா இழுக்க ஒருவர், தம்ளரை நிரப்ப ஒருவர். சில நாற்காலிகளில் தம்ளர் நிற்பதற்கென்றே கைப்பிடியில் வட்டமாக ஒரு துளை இருக்கும். பிளான்டர்ஸ் சேர் என்பது அதன் கௌரவமான பெயர். பம்பாயை முன்னால் போட்டு வெள்ளைக்காரர்கள் வைத்த இன்னொரு பெயரும் உண்டு. அது குடும்பப் பத்திரிகையில் அச்சேறாது.

ஓய்வு பெற்றவுடன் ஆண்களுக்கு ஏதாவது ஒன்று பிடித்துக்கொள்ளும். ஒருவர் மொட்டைமாடியில் கத்தரிக்காய் போடுவார், ஒருவர் காசிக்குப் போவார், ஒருவர் தன் ரத்த அழுத்தத்தை மணிக்கொரு தரம் அளந்து உறவினர்களுக்கு அனுப்புவார். வங்கிக் கவுன்ட்டரில் நிமிர்ந்தே உட்கார்ந்து பணிக்காலத்தைக் கழித்த எனக்குச் சாய வேண்டும் என்று ஆசை வந்தது.

"சோபாவில சாயுங்களேன்" என்றாள் என் மனைவி.

சோபாவில் சாய்வது சாய்வல்ல, சரிவு. அது தூங்கி விழுகிறவனுக்கு. சாய்வு நாற்காலி விழித்திருந்தபடி ஒன்றும் செய்யாமல் இருப்பவனுக்கு. இந்த வித்தியாசத்தை விளக்க முயன்றேன். வைக்கம் முகம்மது பஷீர் பேப்பூரில் மங்குஸ்தான் மரத்தடியில் சாருகசேரையில் சாய்ந்துகொண்டு உலகத்தையே பார்த்தாரே என்றேன்.

"அவர் எழுதினார். நீங்க?"

பிறகு, துணி சாய்வு நாற்காலி மலிவாகக் கிடைக்குமே என்று இறங்கி வந்தாள். துணி நாற்காலியோடு எனக்குப் பழைய கணக்கு உண்டு. எங்கள் தாத்தாவுடையது காக்கித் துணி போட்டது. துணியின் இரண்டு ஓரத்திலும் குழல் மாதிரி தைத்து, அதற்குள் ஒரு கோலைச் செருகி, அந்தக் கோல் சட்டத்தில் தங்கி நிற்கும். பின்னால் வரிசையாகச் சில வெட்டுகள். எந்த வெட்டில் முட்டுச்சட்டத்தை வைக்கிறோமோ அந்த அளவுக்குச் சாய்வு. வீட்டுப் பெரியவர் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் கோலை உருவிவிட்டு, துணியை மட்டும் ஒன்றும் தெரியாதது போல விரித்து வைப்பது பிள்ளைகளின் பரம்பரைத் தொழில். தமிழ்நாட்டில் ஐம்பதைத் தாண்டியவர்கள் எல்லாரும் ஒன்று அந்தக் கோலை உருவியிருப்பார்கள், அல்லது உருவப்பட்டு விழுந்திருப்பார்கள். இரண்டிலும் சேராதவர்களை நான் நம்புவதில்லை. எனக்குப் பேரன் இருக்கிறான், புத்திசாலி. ஆகவே துணி வேண்டாம், தேக்கும் பிரம்பும்தான் என்று முடிவாயிற்று.

மதுரையிலிருந்து காரைக்குடி இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அங்கே முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. உள்ளே நுழைந்தால் நடக்க இடம் இருக்காது. ரவிவர்மா அச்சகத்து லட்சுமி, சுவீடனிலிருந்து வந்த எனாமல் தூக்குவாளி, பீங்கான் ஜாடி, கல்லாப்பெட்டி, ஊஞ்சல் சங்கிலி, கொம்பு உடைந்த மான் தலை, யாருடைய தாத்தா என்றே தெரியாத தாத்தாக்களின் படங்கள். இவற்றின் நடுவே நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரை வரைக்கும் ஏறியிருக்கும். உங்களுக்குப் பிடித்தது எப்போதும் அடியில் இருக்கும்.

இத்தனை சாமானும் இங்கே வந்த கதை பெரிது. நகரத்தார் பர்மாவில் வட்டிக்கடை நடத்தி, அங்கிருந்து தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து, தெருவுக்குத் தெரு நீளும் வீடுகளைக் கட்டினார்கள். 1942-இல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததும் கடையும் நிலமும் அங்கேயே நின்றுபோயின. வீடு மட்டும் இங்கே. தலைமுறை தாண்டத் தாண்ட ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் நாற்பது பேர் ஆகிறார்கள். நாற்காலி ஒன்றே ஒன்று. வெள்ளிக் குத்துவிளக்கை எடைபோட்டுப் பங்கு வைக்கலாம். சாய்வு நாற்காலியை நாற்பதாக அறுத்தால் ஆளுக்கு ஒரு ஆப்புகூடத் தேறாது. விற்று, பணத்தைப் பிரித்துக்கொள்வதுதான் வழி. பரம்பரைச் சாமான்கள் ஒவ்வொன்றாக விலைபோக, ஒருவர் நாற்காலியில் சாய்ந்தே கிடப்பதைத் தோப்பில் முஹம்மது மீரான் ‘சாய்வு நாற்காலி’ என்று நாவலாகவே எழுதி, 1997-இல் சாகித்திய அகாதெமி பரிசும் வாங்கினார். நாற்காலி வாங்கப் போகிறவர்கள் வாங்கி முடித்தபிறகு அந்த நாவலைப் படிப்பது நல்லது. முன்னால் படித்தால் பேரம் பேச மனம் வராது.

கடைக்காரர் முதலில் காட்டிய நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் உட்கார்ந்திருந்தாராம். இரண்டாவதிலும் ஒரு கலெக்டர். பக்கத்துக் கடையில் விசாரித்தால், அங்கேயும் கலெக்டர். ராமநாதபுரம் ஜில்லா முழுவதும் இத்தனை நாற்காலியில் உட்கார்ந்தவர் கிஸ்தி எப்போது வசூலித்தார் என்பது சரித்திர ஆசிரியர்கள் ஆராய வேண்டிய விஷயம். கலெக்டர் உட்காராதவை ஜமீன்தார் உட்கார்ந்தவை. யாருமே உட்காராதவை "சும்மா காட்சிக்கு வச்சிருந்தது, அதனால தேயலை" என்று இன்னும் இரண்டாயிரம் கூடும். மரத்தைக் கேட்டால் எல்லாம் பர்மா தேக்கு. அது அத்தனையும் உண்மையென்றால் பர்மாவில் இன்றைக்கு ஒதுங்க நிழல் இருக்காது.

நான் சும்மா போகவில்லை. படித்துவிட்டுப் போயிருந்தேன். கையில் டார்ச். நாற்காலி வாங்கப் போகிறவர்கள் முன்பக்கத்தைப் பார்க்கவே கூடாது. முன்பக்கம் பாலிஷ்காரர் பேசுகிற இடம். கவிழ்த்துப் பார்க்க வேண்டும். அடிச்சட்டத்தில் திருகாணித் தலையில் கூட்டல் குறி இருந்தால் கலெக்டர் கதையை அங்கேயே நிறுத்திவிடலாம். ஹென்றி பிலிப்ஸ் என்ற அமெரிக்கர் அதற்குக் காப்புரிமை வாங்கியதே 1936-இல்தான். பழைய வேலையில் திருகாணியே அபூர்வம். மரத்துக்குள் மரம் புகுந்து, குறுக்கே ஒரு மூங்கில் ஆணி இறங்கியிருக்கும். உருண்டைக் கால்களைத் தடவிப் பார்க்க வேண்டும். மரம் வருஷக்கணக்கில் குறுக்குவாட்டில் சுருங்குவதால், கடைசலில் வட்டமாக இருந்தது இன்று துளி நீள்வட்டமாகியிருக்கும். தேய்மானம் தேய வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும்: கை படும் நுனி, குதிகால் படும் பலகை, தரையில் இழுபட்ட பாதம். எல்லா இடமும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் தேய்த்தது காலம் அல்ல, உப்புத்தாள்.

நான் மண்டியிட்டு டார்ச் அடித்து, முகர்ந்து, நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்ததைக் கடைக்காரர் வெகுநேரம் பொறுத்தார்.

"சார், சேர் வாங்க வந்தீங்களா, அதுக்கு ஸ்கேன் எடுக்க வந்தீங்களா?"

நல்ல மனிதர்தான். கேட்டால் மறைக்கமாட்டார். பளபளவென்று ஒன்று நின்றது. எவ்வளவு பழசு என்றேன். "மரம் நூத்தம்பது வருஷம் சார், சத்தியமா. இடிச்ச வீட்டு உத்தரம். சேர்தான் போன மாசம்." சட்டம்கூட அவருக்கு மனப்பாடம். 1972-இல் வந்த தொல்பொருள் சட்டத்தின்படி கலை, கைவினை, வரலாறு சம்பந்தப்பட்ட பொருளுக்கு நூறு வயது நிரம்பிவிட்டால் அது தொல்பொருள். விற்க உரிமம் வேண்டும், வெளிநாட்டுக்குத் தனியார் யாரும் அனுப்ப முடியாது. இதனால் நாற்காலிகளின் வயது கேட்கிற ஆளைப் பொறுத்தது. உங்களையும் என்னையும் போன்றவர்கள் கேட்டால் 150. காக்கிச் சட்டையோ கழுத்தில் அடையாள அட்டையோ தெரிந்தால் எல்லா நாற்காலியும் சட்டென்று 80-க்கு இளைத்துவிடும். நடிகைகளுக்கு மட்டும்தான் இந்த வித்தை தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வியன்னா நாற்காலி ஒன்றும் இருந்தது, ஆடுகிற ரகம். கம்பை ஆவியில் வேகவைத்து வளைத்து மிக்கேல் தோனெட் என்ற ஜெர்மன்காரர் ஆரம்பித்த வேலை. அவருடைய பதினான்காம் நம்பர் நாற்காலி 1859-இல் வந்தது: ஆறு மரத்துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு நட்டு. ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகளைப் பிரித்து அடுக்கிக் கப்பலேற்றிவிடுவார். போய்ச் சேர்ந்த ஊரில் முடுக்கிக்கொள்ள வேண்டியது. இன்றைக்கு அட்டைப் பெட்டியைப் பிரித்துப் படம் பார்த்து, கடைசியில் ஒரு திருகாணி மிஞ்சி நாம் படுகிற அவஸ்தைக்கு மூலபுருஷர் அவர்தான். ஆடும் நாற்காலியில் என் மனைவி உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடினாள். தலைசுற்றுகிறது என்று இறங்கிவிட்டாள்.

இந்த இடத்தில் சண்டிகரைச் சொல்லாமல் போனால் பாவம் வரும். லெ கொர்புசியே அந்த ஊரைக் கட்டியபோது, அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியேர் ழான்னரே கூடவே இருந்து, 1950-களில் அரசு அலுவலகங்களுக்குத் தேக்கிலும் பிரம்பிலும் நாற்காலி வடிவமைத்துக் கொடுத்தார். ஆயிரக்கணக்கில் செய்தார்கள். குமாஸ்தாக்கள் உட்கார்ந்தார்கள், தேய்த்தார்கள். பிரம்பு கிழிந்தது. இரும்பு நாற்காலியும் ரெக்ஸினும் வந்ததும் இவற்றை மொட்டைமாடியிலும் கொல்லையிலும் வெயில் மழையில் குவித்தார்கள். பிறகு கழிவுச் சாமான் என்று ஏலம் போட்டார்கள். வாங்கிப்போன வெளிநாட்டு வியாபாரிகள் துடைத்து, பிரம்பு மாற்றி, பாரீஸிலும் நியூயார்க்கிலும் லட்சக்கணக்கில் விற்றார்கள். விறகு விலைக்குப் போட்டது அந்த விலைக்குப் போன பிறகுதான் ஊருக்கு உறைத்தது. 2011-இல் மத்திய உள்துறை அமைச்சகம் அந்த நாற்காலிகளை விற்கக் கூடாதென்று உத்தரவு போட்டது. நூறு வயது ஆகாததால் தொல்பொருள் சட்டம் அவற்றைத் தொடாது என்பது தனிச் சங்கடம். இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு. அந்த நாற்காலிகளின் முதுகில் எந்த அலுவலகம், எத்தனையாவது நம்பர் என்று பெயின்ட்டில் எழுதியிருக்கும் அல்லவா, திருடு போகாமலிருக்க? ஏலத்தில் அந்த எழுத்துதான் இப்போது அசல் என்பதற்குச் சாட்சி. வரப் போகிற கௌரவம் தெரியாமல் எந்தப் பியூனோ அவசரத்தில் கோணலாகப் பூசிய வெள்ளை எழுத்து.

அது தெரிந்த நாளிலிருந்து தாலுகா அலுவலகத்துக்குப் போனால் என் கண் சர்டிபிகேட்டில் நிற்பதில்லை. தாசில்தாரின் உதவியாளர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார். அவர் உட்கார்ந்திருப்பதன் முதுகில் ‘பொ.ப.து.’ என்று எழுதியிருக்கிறது. கைப்பிடி தேக்கு.

காரைக்குடிக்குத் திரும்புவோம். எனக்குப் பிடித்தது, நியாயப்படி, அடுக்கில் ஆக அடியில் இருந்தது. திருப்பும் பலகைகளோடு முழு நீளத் துரை நாற்காலி. முன்சட்டம் மாற்றியது என்று கடைக்காரரே சொல்லிவிட்டார். பிரம்பு பாதி கிழிந்து தொங்கியது. கால்கள் நீள்வட்டம். மூங்கில் ஆணிகள் இருந்தன. என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். அதுவரை "சார்" என்று கூப்பிட்டவர் "அண்ணே" என்றார்.

பழைய சாமான் கடையில் விலைப்பட்டியல் கிடையாது. கூப்பிடும் முறைதான் பட்டியல். "சார்" என்றால் இன்னும் உங்களை எடைபோடுகிறார். "அண்ணே" என்றால் நீங்கள் விழுந்துவிட்டீர்கள், விலை ஏறப் போகிறது. நீங்கள் குறைத்துக் கேட்டவுடன் மறுபடி "சார்" வரும். ரொம்பக் குறைத்தால் எந்தப் பெயரும் வராது, பையனைப் பார்த்து "டேய், அதை உள்ள வை" என்பார்.

"நாப்பத்தஞ்சு அண்ணே."

"பிரம்பே இல்லையே?"

"பிரம்பு இருந்தா அறுபது. இந்த மாதிரி ஒத்தச் சேர், ஜோடியே கிடையாது. ஊர்ல இன்னொண்ணு காட்டுங்க, சும்மா குடுத்துடறேன்."

நான் இருபது என்றேன். "சார், எங்களுக்கு அசலே கட்டுப்படியாகாது." என் மனைவி இதில் தலையிடவே இல்லை. நாற்காலியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒரு எனாமல் பேசினை எடுத்து, ஓரத்தில் பெயர்ந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் ஏறி இறங்கி ஓய்ந்த பிறகு, "இது எவ்வளவுங்க?" என்றாள்.

"அதை வச்சுக்கங்க அக்கா, அது கிடக்கு."

"இதுக்கு வேற தனியா வண்டி வைக்கணும், பின்னணும், பாலிஷ் போடணும். முப்பதுன்னா ஏத்தச் சொல்லுங்க. இல்லைன்னா பஸ்ஸுக்கு நேரமாச்சு."

முப்பத்தோராயிரத்துக்கு முடிந்தது. அந்த ஓராயிரம் அவருடைய மரியாதைக்கு. பேசின் கொசுறு.

குட்டி யானை ஒன்றைப் பிடித்து நாற்காலியை ஏற்றி, கயிறு போட்டு, மதுரை வந்து சேர்ந்தோம். எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் உண்டு. நின்றபடி போகும் மனிதர்களுக்கான லிஃப்ட். படுத்தபடி போகும் நாற்காலிக்கு அல்ல. நான்கு பேர் நாலு மூலையில் பிடித்து, மூன்றாம் மாடிக்குப் படியேறினார்கள். மேலே பழைய வேட்டி ஒன்றைப் போர்த்தியிருந்தது. பின்னால் நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனேன். இரண்டாம் மாடியில் கதவு திறந்தது. அங்கே குடியிருப்பவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகூப்பி ஓரமாக நின்றார். "எப்ப ஆச்சு?" என்றார் தணிந்த குரலில்.

"இன்னைக்குக் காலையிலதான். முப்பத்தொண்ணுக்கு" என்றேன்.

பிரம்பு பின்ன ஆள் தேடுவது நாற்காலி தேடுவதைவிடக் கஷ்டம். ஒரு காலத்தில் பார்வையற்றோர் பள்ளிகளில் இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தார்கள். அரசு அலுவலகங்களில் இதற்கென்று ஆள் வைத்திருந்தார்கள். எங்கள் வங்கிக்கும் ஒருவர் வந்துகொண்டிருந்தார். ஸ்பாஞ்சு நாற்காலி வந்ததும் அவர் வருவது நின்றது. பழைய சகாக்களிடம் விசாரித்து அவரையே கண்டுபிடித்தேன். மகன் கொண்டுவந்து விட்டுப் போனான். உள்ளே வந்ததும் என் குரலைக் கேட்டு, "காசாளர் சார், உங்க சேர்ல எப்பவும் இடது பக்கம்தான் மொதல்ல பிய்யும்" என்றார். நான் இடது பக்கம் சாய்ந்து உட்காருகிறவன் என்பது என் மனைவிக்கே அன்றுதான் தெரிந்தது.

நாற்காலியைக் கவிழ்க்கச் சொல்லி, சட்டத்தைச் சுற்றி வரிசையாக இருந்த துளைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். டார்ச் இல்லை, முகரவில்லை. "முன்சட்டம் புதுசு சார். மெஷின்ல போட்ட துளை, எல்லாம் ஒரே தூரம். மத்த மூணு பக்கமும் கையில துளைச்சது. இங்க பாருங்க, ஒண்ணு தள்ளி இருக்கு." அந்த இடத்தில் என் விரலைப் பிடித்து வைத்தார். தள்ளித்தான் இருந்தது. துளைகளுக்குள் ஒடிந்து கிடந்த பழைய முளைகளைக் குத்தி வெளியே எடுத்துப்போட்டு, அவற்றையும் உருட்டிப் பார்த்தார். "இதுக்கு முன்ன ரெண்டு பேர் பின்னியிருக்காங்க. மொதல் ஆள் பிரம்புலயே முளை சீவி அடிச்சிருக்கான், நல்ல கை. ரெண்டாவது ஆள் தீக்குச்சியை ஒடிச்சு வச்சுட்டுப் போயிருக்கான்." அந்த இரண்டாவது ஆளை நேரில் பார்த்தால் விடமாட்டார் போலிருந்தது.

பிரம்புப் பட்டையைக் கொசுறு பேசினில் ஊறப்போட்டார். மேலிருந்து கீழ் ஒரு சுற்று, அதன்மேல் குறுக்கே ஒன்று, மறுபடி மேலிருந்து கீழ், மறுபடி குறுக்கே, கடைசியில் இரண்டு மூலைவிட்டம். ஆறு சுற்று முடிந்ததும் எண்கோணக் கண்கள் விழுந்தன. ஈரத்தில் தளர்வாகத்தான் இருந்தது. "காயட்டும்" என்றார். காய்ந்தபின் விரலால் சுண்டினால் மிருதங்கத்தில் விழுந்த மாதிரி ‘தொம்’ என்றது. தொய்ந்தால் அடிப்பக்கமாக ஈரத்துணியால் ஒற்றிக் காயவிட்டால் மறுபடி இறுகும் என்றும், எக்காரணம் கொண்டும் யாரும் அதன்மேல் ஏறி நின்று ஃபேன் துடைக்கக் கூடாது என்றும் சொன்னார். இரண்டாவதை என் மனைவி இருந்த பக்கம் திரும்பிச் சொன்னார்.

பாலிஷ்காரர் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சுப் பொட்டணத்தால் தேய்த்தார். வீடு முழுக்க ஆஸ்பத்திரி வாசனை. அதைக் கடந்து, நல்ல நேரம் பார்த்து உட்கார்ந்தேன். பலகைகளை வெளியே திருப்பினேன். கால்களைப் போட்டேன். முதுகு பிரம்பில் பதிந்தது. உலகம் சரியாக இருந்தது. இந்த நிலையில் ஒரு மனிதனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று என்று தோன்றியது. குரல் கொடுத்தேன்.

"காபி!"

"வந்து குடிச்சுக்கங்க."

வந்து குடிக்க முடியாது என்பதுதானே இந்த நாற்காலியின் அமைப்பு? துரைக்கு ஓடிவந்த பட்லர் யாரும் சாமானோடு விற்பனைக்கு வருவதில்லை. எழுந்திருக்க முயன்றேன். முதலில் ஒரு காலை இறக்க வேண்டும். அதற்கு அந்தப் பக்கம் புரள வேண்டும். புரண்டால் இடுப்பில் பிடிக்கிறது. பேரன் வந்து வேடிக்கை பார்த்தான். கையைக் கொடுத்து இழுத்துவிட்டு, உருவுவதற்கு இதில் கோல் ஏதாவது உண்டா என்று அடியில் குனிந்து தேடினான்.

சமையலறையில் நின்றபடியே காபி குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது என் மனைவி அதில் சாய்ந்திருந்தாள். சும்மா பார்க்கலாமே என்றுதான் உட்கார்ந்தாளாம். கையில் வார இதழ். கால் இரண்டும் பலகைமேல். அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து சமையலறை ஸ்டூலிலும் அரிவாள்மணையிலுமாக, எந்த நிமிஷமும் எழுந்து ஓடத் தயாரான ஒரு உட்காருதல்தான் அவளுடையது. "நல்லாத்தாங்க இருக்கு" என்றாள். சற்றுப் பொறுத்து, "இதுல உட்கார்ந்தா எந்திரிக்கவே முடியலையே" என்றும் சொன்னாள், மிகுந்த திருப்தியோடு. அன்று சாயங்காலக் காபியை நான்தான் போட்டேன். மறுநாளும். எனக்குச் சர்க்கரை அளவு பிடிபட்டுவிட்டது.

போன வாரம் காரைக்குடியிலிருந்து போன் வந்தது. எடுத்தவுடன் "அண்ணே!" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"உங்க சேருக்கு ஜோடி வந்திருக்குண்ணே. அதே வீடு, அதே ஆசாரி கை. ஒத்தையா இருந்தா சேர், ஜோடியா இருந்தா சொத்து. ஐம்பத்தஞ்சு. உங்களுக்காக எடுத்து வச்சிருக்கேன்."

எனக்கு ஆசை இருந்தது. வராந்தாவில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ஆளுக்கு ஒன்று. தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவள் இதழிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டு பேரும் உட்கார்ந்துட்டா காபி யாரு போடறது?"

"அப்ப வேண்டாம்னு சொல்லிடவா?"

"போனைக் குடுங்க." கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டாள். "ஆமாங்க, நான்தான். நல்லா இருக்கேன். ஒரு விஷயம் கேட்கணும். ஜோடியே கிடையாது, ஒத்தச் சேருன்னு சொல்லித்தானே எங்ககிட்ட முப்பத்தொண்ணு வாங்குனீங்க? ஊர்ல இன்னொண்ணு காட்டினா சும்மா குடுத்துடறேன்னும் சொன்னீங்க. இப்ப நீங்களே காட்டுறீங்க. அதை எப்ப அனுப்புறீங்க? வண்டி வாடகை வேணா நாங்க குடுத்துடறோம்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டது, போன் என் காதில் இல்லாமலே எனக்கும் கேட்டது:

"மேடம்..."